கணக்கில் வராத ஆட்டங்கள்

ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி நடுவில் அமெரிக்காவின் 30 மேஜர் லீக் பேஸ்பால் அணிகளும் சொந்த ஊரை விட்டுக் கிளம்பி இரண்டே மாநிலங்களுக்குப் போய்ச் சேருகின்றன. 15 அணிகள் ஃப்ளோரிடாவுக்கு, 15 அணிகள் அரிசோனாவுக்கு. ஆறு வாரம் அங்கே பயிற்சி. இதற்குப் பெயர் ஸ்பிரிங் ட்ரெய்னிங். அதில் கடைசி நாலைந்து வாரம் ஒருவரோடு ஒருவர் ஆடுகிறார்கள், ஓர் அணிக்குச் சுமார் 30 ஆட்டம். இந்த ஆட்டங்களில் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் கிடையாது. புள்ளிப் பட்டியலில் ஏறாது, வீரர்களின் சாதனைக் கணக்கிலும் சேராது. ஸ்கோர் சமமாக முடிந்தால், சரி போகட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள்.

இதைப் பார்க்க டிக்கெட் வாங்கி, விமானம் ஏறி, ஓட்டலில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். போன மார்ச்சில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஃபீனிக்ஸில் நாலு நாள், ஐந்து ஆட்டம். "கணக்குலயே வராத மேட்சுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. போவதற்கு முன்பும் வந்த பிறகும் படித்ததையும், அங்கே பார்த்ததையும் சேர்த்து அதற்கு ஒரு பதில் எழுதி வைக்கிறேன்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு வரி. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அவுட் வரை பேட் செய்வார்கள். பந்து போடுகிறவர் பிட்சர், நம்ம பௌலர் மாதிரி. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஆட்டத்தின் நடுவில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கினால், வெளியே போனவர் அன்றைக்குத் திரும்ப வர முடியாது. வழக்கமான சீசனில் இந்த விதியால் மாற்று வீரரை இறக்க யோசிப்பார்கள். மார்ச்சில் யாரும் யோசிப்பதில்லை.

அரிசோனாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வசதிதான். ஃப்ளோரிடாவில் மைதானங்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அரிசோனாவின் பத்து மைதானங்களும் ஃபீனிக்ஸையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் விட்டுத் தாண்டுவதில்லை. மீசா, ஸ்காட்ஸ்டேல், டெம்ப்பி, கிளெண்டேல், பியோரியா, சர்ப்ரைஸ், குட்இயர். ஆமாம், சர்ப்ரைஸ் என்று நிஜமாகவே ஓர் ஊர். மதியம் ஒரு மைதானம், ராத்திரி இன்னொன்று என்று போக முடிகிறது. பத்து மைதானம், 15 அணி என்றால், ஐந்து மைதானங்களை இரண்டிரண்டு அணிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று அர்த்தம். அப்படி ஒன்றுதான் 2011-ல் திறந்த சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ். அமெரிக்கப் பழங்குடியினரின் நிலத்தில் கட்டப்பட்ட முதல் மேஜர் லீக் பயிற்சி மைதானம் அது. டயமண்ட்பேக்ஸ், ராக்கீஸ் இரண்டுக்கும் அதுதான் வீடு.

மைதானங்கள் சின்னவை. பெரியவற்றில் ஒன்றான மீசாவின் ஸ்லோன் பார்க்கிலேயே (கப்ஸ் அணியுடையது) 15,000 பேர்தான் கொள்ளும். சீசனில் 40,000 பேர் நடுவே எங்கேயோ உச்சியில் உட்கார்ந்து பார்க்கும் அதே ஆட்களை இங்கே இருபதடி தூரத்தில் பார்க்கலாம். எல்லைச் சுவருக்கு அப்பால் நாற்காலி கிடையாது, புல் சரிவுதான். ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கைக்குழந்தைகள் தவழ்கின்றன, தாத்தாக்கள் தூங்குகிறார்கள், நடுநடுவே ஒரு பந்து வந்து விழுகிறது.

இது வரைக்கும் சொன்னது பிக்னிக். இனிமேல்தான் விஷயம்.

முதல் நான்கு இன்னிங் டிவியில் பார்க்கும் ஆட்டம் மாதிரியே இருக்கும். வெளியூர் போகும் அணி முக்கியமான ஆட்டக்காரர்களில் குறைந்தது நான்கு பேரையாவது அழைத்துப் போக வேண்டும் என்று லீக்கிலேயே ஒரு விதி உண்டு. இல்லாவிட்டால் டிக்கெட் வாங்கினவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஐந்தாவது இன்னிங் வாக்கில் நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். அவர்களுக்குப் பதில் ஓடி வருகிறவர்களின் சட்டையில் 76, 83, 91 என்று நம்பர்கள். சில அணிகளில் முதுகில் பெயர்கூட இருக்காது. கூட்டத்தில் பாதி அப்போதே எழுந்து கார் எடுக்கப் போய்விடும். ஏழாவது இன்னிங்கில் ஆடுகிறவர்கள் யார் என்று அறிவிப்பாளரே தடுமாறுவார்.

என் கருத்தில் ஸ்பிரிங் ட்ரெய்னிங்கின் நிஜமான மேட்ச் அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். முகாம் ஆரம்பிக்கும்போது ஓர் அணியின் பெரிய முகாமில் அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். சீசன் முதல் நாள் 26 பேருக்குத்தான் இடம். 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் ஏற்கனவே உண்டு. அதில் இருப்பவர்கள் அணியின் உறுதியான சொத்து, அந்த 26 பேரும் அதிலிருந்துதான் வர வேண்டும். பட்டியலில் இல்லாமல் "சும்மா வந்து ஆடிக் காட்டு" என்று அழைக்கப்பட்டவர்களும் ஒவ்வொரு முகாமிலும் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் 40 பேர் பட்டியலில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையா, ஏற்கனவே இருக்கும் ஒருவரைத் தூக்க வேண்டும். ஆக, 83-ம் நம்பர் சட்டைக்காரர் அடிக்கிற ஒவ்வொரு நல்ல அடியும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவருக்குக் கெட்ட செய்தி. ஒரே அணிச் சட்டை, ஒரே பஸ், ஒரே சாப்பாடு, ஆனா போட்டி உள்ளுக்குள்ளேயே.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு வித்தியாசம்? 2023-ல் மேஜர் லீக் வீரர் ஒருவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,20,000 டாலர். அதற்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ மைனர் லீகில் அதே வருடம் குறைந்தபட்சம் 35,800 டாலர். இருபது மடங்கு! மேஜர் லீகின் 26 பேரில் கடைசி ஆளுக்கும், 27-வது ஆளாக நின்றுவிட்டவருக்கும் திறமையில் மயிரிழை வித்தியாசம்தான் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு எட்டாவது இன்னிங்கைப் பாருங்கள். 11-2 என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், பாதி காலியான மைதானத்தில், ஒருவர் சாதாரண அடிக்கு முதல் பேஸை நோக்கி உயிரைக் கொடுத்து ஓடுவார். ஏன் ஓடுகிறார் என்று புரியும்.

இதில் இன்னொரு விசித்திரம், முகாமில் இருக்கும் ஆறு வாரமும் யாருக்கும் சம்பளம் கிடையாது. கோடிகளில் வாங்குகிறவருக்கும் சீசன் தொடங்கினால்தான் சம்பளம் ஓடும். முகாமில் கிடைப்பது வாராந்திரப் படி. அந்தப் படிக்கு வீரர்கள் நடுவே "மர்ஃபி மணி" என்று பெயர். 1946-ல் ராபர்ட் மர்ஃபி என்பவர் வீரர்களுக்கு ஒரு சங்கம் கட்டப் பார்த்தார். சங்கம் நிற்கவில்லை. ஆனால் பயந்துபோன முதலாளிகள் சில சலுகைகளைக் கொடுத்தார்கள், அதில் ஒன்று வாரம் 25 டாலர் முகாம் படி. சங்கம் போய்விட்டது, மர்ஃபி பெயர் மட்டும் பணத்தில் ஒட்டிக்கொண்டது.

மைனர் லீக் பையன்கள் நிலைமை இதைவிட மோசம். அவர்களுக்கு வெகுகாலம் பயிற்சி முகாமில் கூலியே கிடையாது. 2014-ல் முன்னாள் மைனர் லீக் வீரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். பயிற்சியும் வேலைதானே, அதற்கு ஏன் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது என்பது கேள்வி. 2022-ல் அந்த வழக்கு 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அடுத்த வருடமே மைனர் லீக் வீரர்களுக்கு முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்தது. மேலே சொன்ன 35,800 அந்த ஒப்பந்தத்தின் எண். அதற்கு முன்பு அது 17,500.

சரி, மார்ச்சில் நன்றாக ஆடினால் இடம் கிடைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

கிரிஸ் பிரையன்ட், கப்ஸ் அணி, 2015. மீசா முகாமில் வெறும் 40 முறை பேட் செய்து ஒன்பது ஹோம் ரன். அந்த மார்ச்சில் வேறு எந்த அணியிலும் யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. சராசரி .425, அதாவது கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று. சீசன் தொடங்கும்போது அவரை எங்கே அனுப்பினார்கள்? மைனர் லீகுக்கு! தடுப்பாட்டத்தில் இன்னும் தேற வேண்டும் என்றது அணி. ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்த காரணம் காலண்டரில் இருந்தது. மேஜர் லீகில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருட சர்வீஸ். ஆறு வருடம் முடித்தால் ஒரு வீரர் தன் விருப்பப்படி எந்த அணிக்கும் போகலாம், கேட்ட விலை பேசலாம். சில நாள் தாமதமாகக் கூப்பிட்டால் அந்த வருடம் முழு வருடமாகாது, இன்னும் ஒரு வருடம் அவரை அணி வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 17 அன்று அவரைக் கூப்பிட்டார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த வருடத்தின் சிறந்த புதுமுகம் அவர்தான். அடுத்த வருடம் லீகின் மிகச்சிறந்த வீரர், கப்ஸுக்கு 1908-க்குப் பிறகு முதல் உலகத் தொடர் கோப்பை. அந்த ஒரு நாளுக்காக அவர் போட்ட முறையீடு 2020-ல் தோற்றுப்போனது.

இப்போது ஷோஹேய் ஒடானி. 2018-ல் ஜப்பானிலிருந்து ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்தார். டெம்ப்பியில் முகாம். 32 முறை பேட் செய்து நாலே நாலு ஹிட். பந்துவீச்சு அதைவிடப் பரிதாபம், கேக்டஸ் லீக் ஆட்டங்களில் அவருடைய ரன் சராசரி 27.00. நாலு தாண்டினாலே முகம் சுளிக்கிற கணக்கு அது. இவரை மைனர் லீகுக்கு அனுப்பித் தேற்ற வேண்டும் என்று பலர் எழுதினார்கள். அணி அனுப்பவில்லை. மார்ச் கடைசியில் பேட் செய்யும்போது முன்காலைத் தூக்கி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, விரல்நுனியைத் தரையிலேயே ஊன்றி அடிக்க ஆரம்பித்தார். அந்த சீசனில் 22 ஹோம் ரன், சிறந்த புதுமுகம். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

மார்ச் மாத எண்கள் இப்படி ஏமாற்றுவதற்குக் காரணங்கள் உண்டு. அரிசோனாவின் காய்ந்த காற்றில் பந்து அதிகம் வளையாது, அடித்தால் தூரம் போகும். பிட்சர்கள் கைக்கு உரமேற்ற முதல் வாரம் ஓரிரு இன்னிங், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போவார்கள். சிலர் புதிதாகக் கற்றுக்கொண்ட ஒரே வகைப் பந்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், அடி வாங்கினாலும் கவலை இல்லை. எதிரே நிற்பவர் சூப்பர் ஸ்டாரா, பத்தொன்பது வயசுப் பையனா என்பதும் ஒரே இன்னிங்கில் மாறும். அதனால் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பது நல்லது. கால் எங்கே வைக்கிறார், எந்தப் பந்தை விடுகிறார், தவறவிட்ட பிறகு அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறார். அணியின் பயிற்சியாளர்களும் கையில் நோட்டோடு இதைத்தான் பார்க்கிறார்கள்.

பிரையன்ட்டைத் தடுத்தது ஒரு காலண்டர். அதற்கு முந்தைய தலைமுறைகளில் முகாமுக்குள்ளேயே வர முடியாதபடி தடுத்தது நிறம். இந்த வெயில் ஊர்களின் வரலாற்றைத் தேடினால் நேராக அங்கேதான் போய் நிற்கிறது.

குளிருக்குப் பயந்து தெற்கே போய்ப் பயிற்சி எடுப்பது 19-ம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. 1886-ல் சிகாகோ அணி ஆர்கன்சாவின் வெந்நீர் ஊற்று நகரமான ஹாட் ஸ்பிரிங்ஸுக்குப் போனது, குளிர்காலத்தில் ஏறிய தொப்பையையும் சாராயத்தையும் வியர்வையில் இறக்க. பிறகு ஃப்ளோரிடா பிரபலமானது. அங்கே ஆடுகிற லீகுக்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்று பெயர். கிரேப்ஃப்ரூட் நம்ம பம்பளிமாஸுக்குத் தம்பி முறை. பெயர் வந்த கதையாகச் சொல்வது இது: 1915-ல் டேடோனா பீச்சில் விமானத்திலிருந்து போடும் பந்தைப் பிடிக்கிறேன் என்று புரூக்ளின் அணி மேனேஜர் வில்பர்ட் ராபின்சன் கையுறையோடு நின்றார். விமானி ரூத் லா என்ற பெண்மணி போட்டது பந்தில்லை, கிரேப்ஃப்ரூட். அது வெடித்துச் சாறு மேலே தெறிக்க, ரத்தம் என்று நினைத்து மனுஷன் அலறிவிட்டாராம்.

அதே டேடோனா பீச்சுக்கு 1946-ல் ஜாக்கி ராபின்சன் வந்தார். இருபதாம் நூற்றாண்டில் மேஜர் லீகின் நிறத் தடையை உடைத்த கறுப்பின வீரர். அப்போது அவர் மைனர் லீக் அணியான மான்ட்ரியால் ராயல்ஸில். பக்கத்து ஊரான சான்ஃபோர்டில் மிரட்டல் வந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் ஆட்டம் நடக்கக் கூடாது என்று மைதானத்தையே பூட்டிவிட்டார்கள். டேடோனா பீச் மட்டும் விட்டது. அந்த மார்ச் 17 அன்று அவர் அங்கே ஆடினார். கணக்கில் வராத ஒரு பயிற்சி ஆட்டம்தான். அந்த மைதானத்துக்கு இன்று அவர் பெயர்.

அரிசோனாவின் கேக்டஸ் லீக் (கேக்டஸ் என்றால் கள்ளி) பிறந்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. 1947-ல் கிளீவ்லேண்ட் அணி டூசானுக்கும் நியூயார்க் ஜெயன்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கும் வந்தன. கிளீவ்லேண்ட் முதலாளி பில் வீக், ஃப்ளோரிடாவின் நிற ஒதுக்கலைப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பியதாகப் பின்னாளில் எழுதினார். அதே வருடம் ஜூலையில் லாரி டோபியை எடுத்தார், அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரர். ஆனால் மறுவருடம் டூசான் முகாமில் அணி தங்கிய ஓட்டலில் டோபிக்கு இடம் கொடுக்கவில்லை, ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்க வேண்டியிருந்தது. கள்ளி மண்ணிலும் அதே சட்டம்தான்.

மைதானத்தில் ஒன்றாக ஆடிவிட்டு ராத்திரி வேறு வேறு கூரையின் கீழ் தூங்கும் இந்த ஏற்பாடு 1961 வரைக்கும் ஃப்ளோரிடாவில் சாதாரணம். அந்த வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஊர்ப் பெரியவர்கள் கார்டினல்ஸ் வீரர்களுக்குக் காலை விருந்து வைத்தார்கள், அழைப்பு வெள்ளையர்களுக்கு மட்டும். பில் வைட் என்ற வீரர் அதைப் பத்திரிகைக்காரரிடம் போட்டு உடைத்தார். செய்தி நாடெங்கும் போனது. அடுத்த வருடம் கார்டினல்ஸ் குடும்பங்கள் எல்லாமே ஒரே மோட்டலில் தங்கின. அதே பில் வைட் 1989-ல் நேஷனல் லீகின் தலைவரானார்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்ன வால் உண்டு. உத்தரப்பிரதேசத்துக் கிராமங்களைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்கள், வேகமாகப் பந்து எறியும் ஒரு டிவி போட்டி மூலம் 2008-ல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு முன் பேஸ்பாலைத் தொட்டதில்லை. ஃப்ளோரிடாவின் பிராடென்டனில் இருக்கும் பைரேட்ஸ் முகாமில்தான் 2009-ல் ஆட ஆரம்பித்தார்கள். இருவருமே மேஜர் லீகைத் தொடவில்லை. தினேஷை 2010-ல் விடுவித்துவிட்டார்கள், ரிங்கு மைனர் லீகில் பல வருடம் போராடிவிட்டு மல்யுத்தப் பொழுதுபோக்குக்குப் போனார். இந்தக் கதையை வைத்து 2014-ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படத்துக்கு இசை ஏ.ஆர். ரஹ்மான். படம் ஒப்பந்தம் கிடைப்பதோடு சந்தோஷமாக முடிந்துவிடும். ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் மார்ச்சுகள்தான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள். பெரிய மைதானத்துக்குப் பின்னால் நாலைந்து பயிற்சி மைதானங்கள் இருக்கும். பல முகாம்களில் காலைப் பயிற்சியை இலவசமாகவே பார்க்கலாம், நேரம் அணிக்கு அணி மாறும். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் பெயர் தெரியாத முப்பது பேர். பந்து கையுறையில் விழும் சத்தம், ஸ்பானிஷ் கேலிப் பேச்சு, கோச் ஒருவர் ஒரே அசைவை ஐம்பதாவது தடவை செய்யச் சொல்வது. ஐந்து ஆட்டங்களில் பார்த்ததைவிட இரண்டு காலைகளில் நான் கற்றுக்கொண்டது அதிகம். வேலிக்கருகே நின்ற சில பெரியவர்கள் வீரர்களின் பெற்றோர் என்று பேச்சில் தெரிந்தது. அவர்கள் பந்தைப் பார்க்கவில்லை, கோச் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முதல் இரண்டு வாரம் போனால் புதுமுகங்களை நிறையப் பார்க்கலாம். நட்சத்திரங்கள் ஏழெட்டு இன்னிங் ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் கடைசி வாரம். வெயில் மார்ச்சிலேயே சுள்ளென்று இருக்கும், மூன்றாவது பேஸ் பக்கத்தின் மேல் வரிசைகளில் பெரும்பாலும் நிழல் சீக்கிரம் வரும். புல் சரிவு டிக்கெட் மலிவு, ஆனா நிழல் துளி கிடையாது, தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகாதீர்கள். ஏழாவது இன்னிங்கில் முன்வரிசைக்காரர்கள் பலர் கிளம்பிவிடுவார்கள். நான் பார்த்த மைதானங்களில் அப்புறம் முன்னால் போய் உட்கார்ந்தால் ஊழியர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆட்டக்காரர்கள் பட்டியலை அச்சடித்தோ போனிலோ வைத்துக்கொள்ளுங்கள், 83-ம் நம்பர் யார் என்று பக்கத்தில் யாருக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பின பிறகு அணிகளின் வீரர் மாற்ற அறிவிப்புகளைத் தினமும் ஒரு தடவை பாருங்கள். நான் எழுதி வைத்திருந்த ஒன்பது நம்பர்களில் ஏழு பேர் மார்ச் முடிவதற்குள் மைனர் லீக் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள், ஒருவரை விடுவித்துவிட்டார்கள். ஒன்பதாவது ஆளுக்குப் புது நம்பர் கொடுத்திருக்கிறார்கள், 38.